மரக்கால் வேலி: புதிதாக நடுவதும் பழசை மாற்றுவதும்

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது, புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிப் பக்கத்தில் இருக்கிற எங்கள் தோப்பில் தென்னையோடு சேர்த்து வேலியும் போனது. ஊரெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் விழுந்த தென்னையை வாங்க ஆளில்லை. சும்மா கிடக்கிற மரம்தானே என்று ஏழடித் துண்டுகளாக அறுத்து, நாலாகப் பிளந்து வேலிக்கால் ஊன்றினோம். பார்க்க அருமையாக இருந்தது. இரண்டாம் வருஷ ஐப்பசி மழை முடிந்த கையோடு, ஒரு பசுமாடு வந்து முதுகைத் தேய்த்ததில் வரிசையாக ஏழு கால் படுத்துவிட்டது. பிடுங்கிப் பார்த்தேன். மேலே நாலரை அடியும் கெட்டியாக இருந்தது. குழிக்குள் ஆழத்தில் இருந்த அடித்துண்டும் ஓரளவு மரமாகவே இருந்தது. மண்மட்டத்தில் ஒரு சாண் மட்டும், ஊறவைத்த அவல் மாதிரி விரலுக்குப் பிசைந்தது.

வேலிக்கால் சாவது அந்த ஒரு சாணில்தான். மரத்தை மக்கவைக்கும் பூஞ்சாணத்துக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. மேலே காற்று உண்டு, வெயில் பட்டதும் ஈரம் காய்ந்துவிடும். மண்மட்டத்தில் மட்டும் இரண்டும் சேர்ந்து, விடாமல், வருஷம் முழுக்கக் கிடைக்கிறது. கரையானும் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. புதிதாக வேலி போடுகிறவர்கள் மரம் வாங்குவதிலிருந்து மண் இறுக்குவது வரை ஒவ்வொரு வேலையிலும் இந்த ஒரு சாணை மனதில் வைத்துக்கொண்டால், கீழே நான் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் காரணம் தானாகவே விளங்கும்.

எந்த மரம்

மரத்தைக் குறுக்கே வெட்டிய இடத்தைப் பாருங்கள். நடுவில் கறுத்தோ சிவந்தோ ஒரு வட்டம் இருக்கும், அதுதான் வைரம். அதைச் சுற்றி வெளுத்த வளையம். மரம் உயிரோடு இருக்கும்போது தண்ணீர் ஏறுவதும், மாவுச்சத்து சேர்வதும் இந்த வெளுத்த பாகத்தில். அதனால் பூஞ்சாணமும் கரையானும் முதலில் தின்பதும் அதைத்தான். இளம் மரத்தில் வைரம் இருக்காது. கையகலம் பருமன் இருக்கிறதே என்று ஐந்து வருஷத்துக் கம்பை வாங்கினால் முழுக்க வெள்ளையைத்தான் வாங்குகிறீர்கள். வேலிக்காலுக்குப் பருமனை விட வயசு முக்கியம். வெட்டுமுகத்தில் பாதிக்கு மேல் வைரம் தெரிந்தால் எடுங்கள்.

பனையும் தென்னையும் இதற்கு நேர்மாறு. அவற்றுக்கு வைரம் வெளியே, சோறு உள்ளே. பழந்தமிழில் ஒன்றை அகக்காழ் என்றும் மற்றதைப் புறக்காழ் என்றும் பிரித்தே வைத்திருந்தார்கள். முற்றின பனையின் வெளிப்பக்கம் இரும்பு மாதிரி. அதில் பிளந்த கால், உட்பக்கச் சோற்றைச் செதுக்கி எடுத்துவிட்டு நட்டால், நான் பார்த்தவரை மற்ற எந்தக் காலையும் விட நிலைக்கிறது. தென்னை அப்படியில்லை. கூரைக்குச் சட்டமாக நல்லது, மண்ணைத் தொட்டால் போய்விடும். அந்தப் பாடத்துக்கு எங்களுக்கு நூற்றுக்கு மேல் கால் செலவானது.

பனைக்காலுக்காகப் பனையை வெட்ட நினைக்காதீர்கள். அது நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசின் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தார்கள். பழைய ஓட்டு வீடு இடிக்கிற இடத்தில் பனங்கைகள் வரும், அவற்றைத் தேடி வாங்குங்கள். ஐம்பது வருஷம் கூரையில் காய்ந்த மரம். அதற்கு மேல் பதம் பார்க்கவே வேண்டாம். இப்போது எங்கள் மூலைக்கால் நாலும் அப்படி வந்தவைதான்.

அடுத்தபடி கருவேலம், வேம்பு, சீமைக்கருவேலம். மூன்றிலும் வைரம் நன்றாகப் பாயும். சீமைக்கருவேலம் நேராக வளராது, கோணல்மாணலாகத்தான் கிடைக்கும். ஆனால் கோணலுக்கும் பலத்துக்கும் சம்பந்தம் இல்லை, கம்பி அடிக்கிற பக்கம் ஒரே கோட்டில் வந்தால் போதும். அதை வெட்டி எடுத்தால் நிலமும் சுத்தமாகும். எங்கள் பக்கம் தைலமரமும் சவுக்கும் மலிவு. சவுக்கு பந்தலுக்கும் சாரத்துக்கும் நல்ல மரம், வேலிக்கு இரண்டு மூன்று மழைக்காலம் நின்றாலே பெரிது. தைலமரக் கம்பு காயும்போது வெடிக்கும், வெடிப்பில் தண்ணீர் இறங்கும். கைவசம் இவைதான் இருக்கிறது என்றால் இடைக்காலுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மூலைக்கு வைரம் பாய்ந்த மரம் போடுங்கள்.

வெட்டியதும் நட வேண்டாம்

தேய்பிறையில் வெட்டினால் புழு விழாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிறை பார்த்து வெட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் எந்தப் பிறையில் வெட்டினாலும் பட்டையை உரிக்காமல் போட்டால் புழு விழும். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில்தான் ஈரம் நிற்கிறது, வண்டும் அங்கேதான் முட்டை வைக்கிறது. வெட்டிய வாரத்திலேயே உரித்துவிட வேண்டும். காய்ந்த பிறகு உரிக்க நினைத்தால் கை கொப்பளித்துவிடும். பிறகு நிழலில், இரண்டு கல்லுக்கு மேல், காற்று புகுகிற மாதிரி இடைவெளி விட்டு அடுக்கி மூன்று மாதம் போடுங்கள். நேராக வெயிலில் போட்டால் வெடிக்கும்.

காலின் தலையைச் சாய்வாக அறுத்துவிடுங்கள். மட்டமாக விட்டால் மழைத்தண்ணீர் அங்கே தேங்கி, வெட்டுமுகம் வழியாக உள்ளே இறங்கும். சாய்த்து அறுத்து அதன்மேல் இரண்டு கை தார் பூசினால் போதும். எங்கள் தோப்பில் மூலைக்கால்களுக்குப் பாதிக் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து ஆணி அடித்திருக்கிறோம். பார்க்கவும் நன்றாக இருக்கிறது.

அடிப்பக்கத்துக்கு என்ன பூசுவது என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். தீயில் வாட்டி நடுவது பழைய வழக்கம். வாட்டினால் மேல்பரப்பு காயும், உள்ளே இருக்கிற பூச்சி சாகும். அதற்கு மேல் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். கரி வெடித்த கீறல் வழியாக ஈரம் போய்ச் சேர்ந்துவிடும். வண்டிப் பட்டறையில் கிடைக்கிற கழிவு ஆயிலைப் பலர் பூசுகிறார்கள். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதில் இருக்கிற உலோகக் கசடு மண்ணில் இறங்கும். காய்கறிப் பாத்திக்கும் கிணற்றுக்கும் பக்கத்தில் அது கூடவே கூடாது.

தார் நல்லது, ஆனால் நன்றாகக் காய்ந்த மரத்துக்கு மட்டும். பச்சை மரத்தில் தார் பூசினால் உள்ளே இருக்கிற ஈரத்தைப் பூட்டி வைத்து நாமே மக்கவைக்கிறோம் என்று அர்த்தம். காய்ந்த காலில், மண்மட்டம் வரப்போகிற இடத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குக் கீழே ஒரு அடியும் மேலே அரை அடியும் பட்டையாகப் பூசுங்கள். அடிமுனையை மூடாதீர்கள், உள்ளே போகிற ஈரம் இறங்க ஒரு வழி வேண்டும்.

வெள்ளை அதிகமுள்ள இளங்கம்புகள்தான் கையில் இருக்கிறது என்றால் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஏற்றலாம். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் தந்திக் கம்பங்களுக்கு ஏற்றியதும் இதையேதான். 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ கரைத்து, வெட்டிய அன்றே, பட்டையோடு, அடிப்பக்கம் ஓரடி மூழ்கும்படி கம்பை நிற்கவைக்க வேண்டும். மரச்சாறு இருந்த இடத்துக்கு இது ஏறும். நாலைந்து நாளில் கரைசல் இறங்குவது தெரியும். பிறகு தலைகீழாக ஒரு நாள் வைத்து எடுத்து, பட்டையை உரித்துக் காயப்போடுங்கள். பிளாஸ்டிக் டிரம்தான் பயன்படுத்த வேண்டும், மயில்துத்தம் இரும்பைத் தின்றுவிடும். கையுறை கட்டாயம். உரித்த பட்டையை ஆடு கடிக்காத இடத்தில் போடுங்கள், மிச்சக் கரைசல் குளத்துக்குப் போகக்கூடாது, மீன் செத்துப்போகும். இது வெள்ளைப் பாகத்தில்தான் ஏறும், வைரத்தில் ஏறாது. வைரத்துக்கு அது தேவையும் இல்லை.

அளவும் கோடும்

வேலி போடுவதற்கு முன் புலப்படத்தை எடுத்து எல்லைக்கல்லைத் தேடிப் பாருங்கள். பக்கத்துத் தோட்டக்காரரையும் கூப்பிட்டுவைத்து, அவர் பார்க்கக் கயிறு பிடியுங்கள். காலை நம் பக்கம் ஒரு அடி உள்ளே தள்ளி நட்டுக்கொண்டால் பின்னாளில் கால் மாற்றும்போது அவர் நிலத்தை மிதிக்க வேண்டியதில்லை. எல்லைக்கல்லைப் பிடுங்கி நகர்த்துவது சட்டப்படி குற்றம், அதையே மூலைக்காலாக நினைத்துக் கம்பி கட்டுவதும் வேண்டாம்.

ஐந்தடி உயர வேலிக்கு ஏழரை அடிக் கால் வேண்டும். மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள். இரண்டடி போதும் என்று நடுகிறவர்கள் உண்டு, இறுகிய செம்மண்ணில் அது நிற்கவும் செய்யும். மணற்பாங்கான இடத்தில் மூன்றடிக்குக் குறையாதீர்கள். இடைக்கால் நாலு அங்குலக் குறுக்களவு இருந்தால் போதும், மூலைக்கால் ஆறு அங்குலமாவது வேண்டும். முள்கம்பி வேலிக்குக் காலுக்குக் கால் எட்டடி. பத்தடி வைத்தால் செலவு குறையும், கம்பி நடுவில் தொய்யும், ஆடு அதைக் கண்டுபிடித்துவிடும். சதுரமான ஒரு ஏக்கருக்குச் சுற்றளவு சுமார் 835 அடி. எட்டடிக்கு ஒன்று என்றால் 104 கால். ஐந்தாறு கூடுதலாகவே வாங்குங்கள், நடும்போது இரண்டு மூன்று வெடிக்கும்.

முதலில் மூலைக்கால்களை மட்டும் நட்டு, அவற்றுக்கு நடுவே இரண்டு கயிறு இழுத்துக் கட்டுங்கள். ஒன்று மண்ணிலிருந்து அரை அடியில், இன்னொன்று தலைமட்டத்தில். இடைக்கால் இரண்டு கயிற்றையும் தொட்டும் தொடாமலும் நின்றால் நேர். ஒரு கயிறு மட்டும் கட்டினால் அடி சரியாக வரும், தலை ஊசலாடும்.

குழி

தை, மாசி மாதம் இதற்குத் தோதான காலம். மழை ஓய்ந்திருக்கும், மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும். சித்திரை வெயிலில் எங்கள் செம்மண்ணில் கடப்பாரை போட்டால் தீப்பொறிதான் வரும். அப்போதே நட்டாக வேண்டுமென்றால் முதல்நாள் சாயங்காலம் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வையுங்கள்.

குழி ஒரு அடி அகலத்துக்கு மேல் வேண்டாம். மண்வெட்டியால் தோண்டினால் வாய் அகன்று, புனல் மாதிரி ஆகிவிடும். அப்படிப்பட்ட குழியில் எவ்வளவு இறுக்கினாலும் கால் ஆடும். கடப்பாரையால் குத்தி இளக்கி, இளகின மண்ணைக் கொட்டாங்கச்சியால் அள்ளுங்கள். ஓரடிக்குக் கீழே போனதும் மண்ணில் படுத்துக்கொண்டு தோள்வரை கையை விட்டுத்தான் அள்ளவேண்டி வரும். முதல் நாள் நாலைந்து குழிக்கு மேல் ஆகாது. மூன்றாம் நாள் பத்துப் பன்னிரண்டு ஆகும். நூறு குழி என்றால் குழி தோண்டும் எந்திரத்தை வாடகைக்கு எடுப்பதே நல்லது. சரியான அகலத்தில், செங்குத்தாக, சுவர் கலையாமல் தோண்டித் தருகிறது. கல் தட்டினால் எந்திரம் துள்ளும், இரண்டு பேர் பிடிக்க வேண்டும். சொட்டுநீர்க் குழாயோ மோட்டார் வயரோ போகிற பாதை தெரியாமல் எந்திரத்தை இறக்காதீர்கள்.

தோண்டின மண்ணை ஒரு சாக்கின்மேல் குவித்துவைத்தால் திரும்பப் போடும்போது புல்லும் வேரும் கலக்காது. குழிக்குள் இலை, வேர், மரச்சில்லு எது போனாலும் அது கரையானுக்கு நாம் வைக்கிற விருந்து.

நிறுத்துவது

அடிப்பக்கம், அதாவது பருத்த பக்கம் கீழே போகவேண்டும். தலைகீழாக நட்டால் ஈரம் ஏறாது என்று ஒரு பேச்சு உண்டு. காய்ந்த கட்டைக்கு மேலும் கிடையாது கீழும் கிடையாது. பருத்த பக்கத்தில் வைரம் கூடுதல், அவ்வளவுதான் கணக்கு.

செம்மண், மணல், சரளை நிலமாக இருந்தால் குழியைக் கூடுதலாக நாலு அங்குலம் ஆழப்படுத்தி, அடியில் சரளை போட்டு அதன்மேல் காலை நிறுத்துங்கள், தண்ணீர் வடியும். கரிசலிலும் களியிலும் இது எடுபடாது. வடிய வழியில்லாத களியில் சரளைக் குழி ஒரு சின்னத் தொட்டியாகிவிடும். அங்கே அடியில் எதுவும் போடாமல், சுற்றிலும் சரளைமண் நிரப்பி இறுக்கி, மேலே நல்ல மேடு கட்டுவதுதான் வழி. கரிசல் கோடையில் வெடித்து மழையில் ஊதும், அந்த மண்ணையே திரும்பப் போட்டால் காலும் கூடவே ஆடும்.

இனி, இந்த வேலையிலேயே பொறுமை வேண்டிய இடம். காலைக் கயிற்றுக்கு ஒட்டி நிறுத்தி, ஒரு ஆள் பிடித்துக்கொள்ள, இரண்டு பக்கத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டு நேர் பாருங்கள். அரை அடி உயரத்துக்கு மண் போடுங்கள். போட்டதும் நிறுத்தி, கடப்பாரையின் மொட்டைப் பக்கத்தால் காலைச் சுற்றிச் சுற்றிக் குத்துங்கள். திமிசுக்கட்டை இவ்வளவு குறுகலில் இறங்காது. குத்தும்போது முதலில் பொத்பொத்தென்று கேட்கும். மண் இறுக இறுகச் சத்தம் மாறும். டக்கென்று கேட்டு, கடப்பாரை கையில் திருப்பி அடித்தால் அந்த அடுக்கு முடிந்தது, அடுத்த அரை அடி. முழுக்க மண்ணைத் தள்ளிவிட்டு மேலே மட்டும் மிதித்து வைத்தால் மேல் சாண் இறுகும், கீழே இரண்டடியும் பஞ்சு மாதிரி கிடக்கும். முதல் மழையில் தெரிந்துவிடும். அடி அடுக்கு இறுகியதுமே கால் தானாக நிற்கும், பிடிக்க ஆள் வேண்டியதில்லை. நிற்கவில்லை என்றால் இன்னும் குத்த வேண்டும்.

தோண்டின மண் எல்லாம் உள்ளே போய், இன்னும் கொஞ்சம் வெளியிலிருந்து எடுக்க வேண்டிவந்தால் நன்றாக இறுக்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கடைசியில் காலைச் சுற்றி நாலு விரல் உயரத்துக்கு மேடு கட்டி, வெளிப்பக்கம் சரியும்படி தட்டிவிடுங்கள். ஆரம்பத்தில் சொன்ன அந்த ஒரு சாணுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. காசும் இல்லை.

சிமெண்ட் கலவை ஊற்றலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மரக்காலுக்கு வேண்டாம். மரம் காயும்போது சுருங்கும், கலவை சுருங்காது. இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும். மழைத்தண்ணீர் அதில் இறங்கி, டம்ளரில் நிற்கிற மாதிரி நிற்கும். மாற்றுகிற அன்றைக்கு அந்தக் கலவைக் கட்டியைத் தோண்டி எடுக்கிற பாடு வேறு. கல்காலுக்கும் இரும்புக்காலுக்கும் கலவை சரி.

மூலைக்கால்

கம்பியின் இழுப்பு முழுவதும் வந்து சேர்கிற இடம் மூலை. இடைக்கால் ஒன்று போனால் ஒன்றுதான் போகும், மூலை சாய்ந்தால் இரண்டு பக்க வேலியும் தொய்ந்துவிடும். அதனால் மூலைக்காலுக்கு மூன்றடி ஆழமும், சாய்வாக நின்று தாங்குகிற முட்டுக்காலும் கட்டாயம்.

புதியவர்கள் முட்டுக்காலை எந்தப் பக்கம் கொடுப்பது என்பதில் தடுமாறுகிறார்கள். கம்பி மூலைக்காலைத் தன் பக்கம் இழுக்கிறது. முட்டுக்காலும் அந்தக் கம்பி போகிற கோட்டிலேயே, உள்பக்கமாக நின்று எதிர்த்துத் தள்ளவேண்டும். வெளிப்பக்கம் முட்டுக் கொடுத்தால் அது வெறுமனே சாய்ந்து நிற்கும், வேலை செய்யாது. மூலையில் இரண்டு கோடு சேர்வதால் முட்டும் இரண்டு. முட்டின் தலையை மூலைக்காலின் பாதி உயரத்துக்குச் சற்று மேலே, ஒரு சின்ன வெட்டுப் போட்டு உட்காரவைத்து ஆணி அடியுங்கள். அடியைத் தூரமாக, ஆறேழு அடி தள்ளி, மண்ணில் புதைத்த ஒரு தட்டைக்கல்லில் நிறுத்துங்கள். முட்டுக்காலைச் செங்குத்தாக, கிட்டத்தில் வைத்தால், கம்பியை இழுக்கிறபோது மூலைக்காலைக் குழியிலிருந்து மேலே நெம்பிவிடும்.

நூறு நூற்றைம்பது அடிக்கு ஒருமுறை, வாசல் இருக்கிற இடத்தில் இரண்டு பக்கமும், இதே மாதிரி தடித்த கால் முட்டோடு வேண்டும்.

கம்பி

கால் நட்டு இரண்டு வாரமாவது ஆறவிட்டுக் கம்பி கட்டுங்கள். நடுவில் ஒரு மழை வந்தால் இன்னும் நல்லது, மண் படியும். கம்பி வெளிப்பக்கம் இருக்கவேண்டும். மாடு வெளியிலிருந்து தள்ளும்போது கம்பி காலின்மேல் அழுந்தும். உள்பக்கம் அடித்தால் ஒவ்வொரு தள்ளலுக்கும் ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். ஐந்து வரிசைக்கு, மண்ணிலிருந்து 6 அங்குலத்தில் முதல் கம்பி, அதற்கு மேல் 8, 10, 12, 14 அங்குல இடைவெளி. கீழே நெருக்கம் ஆட்டுக்காக.

யூ ஆணியை மரத்தின் ரேகைக்குக் கொஞ்சம் சாய்த்து அடியுங்கள். ஆணியின் இரண்டு முனையும் ஒரே ரேகையில் இறங்கினால் மரம் பிளக்கும். இடைக்காலில் ஆணியை முழுக்க அடிக்காமல் கம்பி நகர்கிற அளவுக்கு விடுங்கள். மாடு முட்டினால் இழுப்பு எல்லாக் காலுக்கும் பரவும். கம்பி இழுக்கும்போது தோல் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். அறுந்த முள்கம்பி சுருண்டு முகத்துக்குத்தான் வரும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பன்றி வருகிறது, மயில் வருகிறது என்று வீட்டு மின்சாரத்தை வேலியில் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்த வேலியில் மனிதர்களும் யானைகளும் செத்திருக்கிறார்கள்.

பழைய காலை மாற்றுவது

மழைக்காலம் முடிந்ததும் வேலியோரமாக ஒரு நடை போய்வாருங்கள். கையில் ஒரு திருப்புளி போதும். ஒவ்வொரு காலிலும் மண்ணை மூன்று நாலு விரல் ஆழம் விலக்கி, அங்கே குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை நிற்கும். மக்கினதில் அரை அங்குலத்துக்கு மேல் சத்தமில்லாமல் இறங்கும். மேலே பார்த்து முடிவு செய்யாதீர்கள். எங்கள் தென்னங்கால்கள் விழுகிற அன்றுவரை மேலே பளபளவென்று இருந்தன.

ஓரம் மட்டும் கெட்டு நடுவில் கெட்டியாக இருந்தால் உடனே பிடுங்கவேண்டாம். பக்கத்தில் ஒரு துணைக்கால் ஊன்றி, நாலடி நீளத்தில் இரும்புக் கோணமோ கல்துண்டோ இருந்தால் அதையே இரண்டடி இறக்கி, இரண்டு இடத்தில் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். இரண்டு மூன்று வருஷம் ஓடும்.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், முதலில் பக்கத்தில் தற்காலிகமாக ஒரு கம்பை நட்டு முள்கம்பியை அதில் தாங்கவையுங்கள். பிறகு யூ ஆணிகளை நெம்பி எடுங்கள். கம்பியை வெட்டாதீர்கள், வெட்டினால் மூலையிலிருந்து மூலைவரை இழுப்புப் போய்விடும். முதல்நாளே இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவைத்த காலைச் சுற்றிக் கடப்பாரையால் இளக்கி, நாலு பக்கமும் ஆட்டுங்கள். வரவில்லையா, காலின் அடியில் சங்கிலியைச் சுற்றி, பக்கத்தில் ஒரு கல் வைத்து, அதன்மேல் கடப்பாரையை நெம்புகோலாகப் போட்டு மிதியுங்கள். வண்டி ஜாக்கி இருந்தால் அதில் சங்கிலியை மாட்டி ஏற்றினாலும் பிசகாமல் மேலே வரும். இடுப்பை வளைத்து இழுக்கிற வேலை வேண்டாம், முதுகு பிடித்துக்கொள்ளும்.

மண்மட்டத்தில் ஒடிந்து அடிக்கட்டை உள்ளே நின்றுவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. அதைத் தோண்டி எடுக்க அரைநாள் போகும். எட்டடிக் கணக்கை விட்டுக்கொடுத்து ஒன்றரை அடி தள்ளிப் புதுக்குழி போட்டுவிடுங்கள், வேலி அதனால் கெடாது. மூலைக்கால் ஒடிந்தால் மட்டும் வழியில்லை, எடுத்தே ஆகவேண்டும். அதே குழியில் நடுவதாக இருந்தால் மக்கின சக்கை ஒரு பிடிகூட மிச்சமில்லாமல் அள்ளுங்கள். கரையான் புற்று ஓடியிருந்தால் சுவரை இன்னும் நாலு விரல் செதுக்கி, வேறு மண் கொண்டுவந்து நிரப்புங்கள். மக்கின கட்டைக்குள் கையை விடுமுன் கம்பால் கிளறிப் பாருங்கள், தேளும் பூரானும் இருக்கிற இடம் அது.

பிடுங்கின காலைத் தூக்கி எறிய வேண்டாம். கெட்ட ஒன்றரை அடியை அறுத்துவிட்டால் மிச்சம் முட்டுக்காலுக்கோ தக்காளிப் பந்தலுக்கோ ஆகும்.

கெட்ட காலுக்குப் பதில் போத்து

இடைக்கால் ஒவ்வொன்றாகக் கெடும்போது, அந்த இடத்தில் காய்ந்த கட்டைக்குப் பதில் உயிர்க்காலை நடுவதை இப்போது நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். கிளுவை, பூவரசு, ஒதியன், சீமைக்கிளுவை எல்லாம் போத்தில், அதாவது வெட்டி நட்ட கிளையிலிருந்தே வரும். உயிரோடு இருக்கிற மரம் மண்மட்டத்தில் மக்காது. மணிக்கட்டுப் பருமனில் ஆறேழு அடிக் கிளையை, கீழ்முனை சாய்வாக, மேல்முனையில் ஒரு உருண்டை சாணி அப்பி, ஆடி கடைசியிலிருந்து புரட்டாசிக்குள் ஒன்றரை அடி ஆழத்தில் நடுங்கள். இதில் மேல்முனையும் கீழ்முனையும் மாறவே கூடாது, தலைகீழாக நட்டால் காய்ந்துபோகும். மண்ணை இறுக்கலாம், ஆனால் பட்டை உரியாமல். முதல் வருஷம் அதில் கம்பி கட்டாதீர்கள், ஆடினால் புதுவேர் அறுந்துவிடும். இரண்டாம் வருஷம் கட்டும்போதும் மரத்தைச் சுற்றிக் கம்பியை முறுக்கவேண்டாம், பருக்கும்போது கழுத்தை அறுத்துவிடும். ஒரு சின்னக் கட்டையை வைத்து அதில் யூ ஆணி அடியுங்கள். வருஷம் ஒருமுறை கழித்தால் ஆட்டுக்குத் தழையும் கிடைக்கும், அடுத்த காலுக்குப் போத்தும் கிடைக்கும்.

நட்ட முதல் பெருமழைக்கு மறுநாள் எல்லாக் காலையும் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். சுற்றியிருக்கிற மண் சில இடத்தில் குழி விழுந்திருக்கும். அங்கே மண் போட்டுக் குத்தி, மேட்டைத் திரும்பக் கட்டுங்கள். மூடாக்குப் போடுகிற பழக்கம் இருந்தால் காலிலிருந்து ஓரடி தள்ளிப் போடுங்கள். நட்ட வருஷத்தை ஒவ்வொரு காலின் உள்பக்கமும் பெயிண்டில் எழுதிவையுங்கள், கூடவே எந்த மரம் என்பதையும். எங்கள் வடக்கு வரிசையில் இப்போது "ப 19" என்று எழுதின பனங்கால்களும், "சீ 21" என்று எழுதின சீமைக்கருவேலமும் நிற்கின்றன. திருப்புளியோடு போகும்போது எதை முதலில் குத்திப் பார்க்கவேண்டும் என்று அந்த எழுத்தே சொல்லிவிடுகிறது.